ஆக்குவோரும் பயன்படுத்துவோரும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்த மரபு நம்முடையது. அவ்விரண்டும் ஒன்றுசேரும் இடம் கணக்கு. ஒருவர் மற்றொருவருக்குத் தர வேண்டியது எவ்வளவு, பெற வேண்டியது எவ்வளவு என்று முடிவு செய்வதால் கணக்கு அறத்தோடு பிணைந்து நிற்கிறது. 'கணக்குத் தீர்த்தல்', 'கணக்குக் கேட்டல்', 'மறுமைக் கணக்கு' எனப் பணத்துக்கு அப்பாலும் அச்சொல் நம் மொழியில் வழங்குவதற்கு இதுவே காரணம் எனலாம்.

அந்தக் கணக்கு இன்று கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. விற்ற சரக்கு, கிடங்கில் உள்ள இருப்பு, வர வேண்டிய பாக்கி, பணியாளர் ஊதியம் ஆகியவற்றையெல்லாம் ஒரு நிறுவனம் திரட்டித் தொகுத்து, வேண்டியபோது எடுத்துக்கொள்வதற்கான ஏற்பாட்டை வணிகத் தகவல் முறைமை என்று அழைக்கின்றனர். பொறியும் மென்பொருளும் மட்டுமே முறைமை ஆகிவிடுவதில்லை. அதில் பதியப்படும் செய்தி, பதிவதற்கான நெறி, பதியும் மனிதர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முறைமை. அம்மனிதர் இரு வகையினர். ஒரு சாரார் அதனை ஆக்குவோர். மற்றொரு சாரார் அதனை நாள்தோறும் பயன்படுத்துவோர்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இவ்விரு சாராருக்கும் இடையே நிகழ்வது சொல்லும் கேட்பும் ஆகும். தனக்கு வேண்டியதை ஒருவர் சொல்கிறார். மற்றவர் கேட்டு, விளங்கிக்கொண்டு, பொறிக்குப் புரியும் மொழியில் எழுதுகிறார். சொல்வோன், கேட்போன், சொல், பொருள் என்பவை நம் துறைக்கு உரியவை. எனவே இதில் கருத்துரைக்க நமக்கும் உரிமை உண்டு.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பயன்படுத்துவோரின் சொல் முறைமைக்கு வெளியே நின்று கேட்கும் முறையீடு அன்று. அது முறைமையின் ஓர் உறுப்பு. அவ்வுறுப்பை வெட்டி எறிந்த முறைமை கணக்கில் பிழைபடுவதோடு அறத்திலும் பிழைபடும். இதனை நிறுவ இங்கிலாந்து நாட்டின் வரலாறு ஒன்றே போதுமானது.

பேரேடும் பொறியும்

மண்டிகளிலும் துணிக்கடைகளிலும் கணக்கு ஒருகாலத்தில் பேரேட்டில் இருந்தது. கணக்குப்பிள்ளை எழுதுவார், முதலாளி புரட்டிப் பார்ப்பார். ஐயம் எழுந்தால் பேரேட்டிலிருந்து நாளேட்டுக்கும், நாளேட்டிலிருந்து அன்றைய சிட்டைக்கும் பின்னோக்கிச் செல்ல இயலும். அடித்து எழுதினால் அடித்த கோடு தெரியும். எழுதியவர் யார் என்பதைக் கையெழுத்தே சொல்லிவிடும். ஏட்டில் ஏமாற்று நடந்ததில்லை என்று நாம் கூறவில்லை. ஆயினும் எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒரே பக்கத்தை ஒரே விளக்கொளியில் காண முடிந்தது.

கணிப்பொறியில் நிலைமை வேறு. திரையில் தோன்றுவது விடை மட்டுமே. விடை வந்த வழி தோன்றுவதில்லை. கடைக்காரர் அழுத்தும் விசைக்கும் திரையில் தோன்றும் தொகைக்கும் இடையே எத்தனையோ ஆயிரம் கட்டளை வரிகள் உள்ளன. அவற்றை எழுதியவர் அந்தக் கடையைக் கண்டிருக்க மாட்டார். கடைக்காரருக்குப் பொறியின் உள்ளே நடப்பது தெரியாது. பொறியை ஆக்கியவருக்குக் கடையின் உள்ளே நடப்பது தெரியாது. இருவரிடமும் இருப்பது பாதி அறிவு. இரு பாதிகளையும் ஒன்றாக்கும் பொறுப்பு யாருக்கு என்பதே நம் முன்னுள்ள வினா.

தேநீர்க்கடை தந்த விடை

இவ்வினாவுக்குச் சிறந்த விடையைத் தொடக்கத்திலேயே கண்டது ஒரு தேநீர்க்கடை நிறுவனம் என்பது வியப்புக்குரியது. இலண்டனில் ஜே. லயன்ஸ் நிறுவனம் தேநீர்க்கடைகளுக்கும் ரொட்டி, கேக் வகைகளுக்கும் பெயர் பெற்றிருந்தது. குறைந்த விலையில் நாள்தோறும் பல்லாயிரம் சிறு விற்பனைகள் நடைபெறும் தொழில் அது. எழுத்து வேலைக்கான செலவு சற்றே மிகுந்தாலும் ஆதாயம் கரைந்துவிடும். எனவே 1930களிலேயே தன் அலுவலகங்களின் வேலைமுறையை ஆராய்வதற்கென ஒரு பிரிவை அந்நிறுவனம் அமைத்திருந்தது.

1947ஆம் ஆண்டில் ரேமண்ட் தாம்சன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு என்னும் இரு மேலாளர்களை லயன்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அலுவலக நடைமுறைகளைக் கண்டுவரச் சென்ற அவர்கள் கணிப்பொறியைப் பற்றி அறிந்து திரும்பினர். அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் 'எட்சாக்' என்னும் கணிப்பொறியை உருவாக்கி வந்தார். லயன்ஸ் அம்முயற்சிக்கு 3,000 பவுண்டும் ஒரு பணியாளரையும் அளித்து உதவியது. 1949 மே மாதத்தில் எட்சாக் இயங்கியதும், அதன் வழியில் ஜான் பிங்கர்ட்டன் என்னும் பொறியாளரைக் கொண்டு தனக்கெனவே ஒரு பொறியை அமைத்துக்கொண்டது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பர் இறுதியில் ரொட்டித் தொழிற்கூடங்களின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ வாரந்தோறும் போடத் தொடங்கியது. வணிகப் பணியை ஒழுங்காக ஆற்றிய உலகின் முதல் கணிப்பொறி என இன்று அது போற்றப்படுகிறது.

லியோவின் சிறப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை. நிரல் எழுதுவோர் பலரை நிறுவனம் தன் அலுவலர்களிடையே தேர்வு வைத்துத் தெரிந்தெடுத்தது. பணிமுறைகளை வகுத்த டேவிட் காமினர் லயன்ஸ் அலுவலகங்களின் நடைமுறையை முன்பே நன்கு அறிந்தவர். வேலையை அறிந்தவர்கள் பொறியைக் கற்றனர். பொறியை அறிந்தவர்கள் வேலையைக் கற்றனர்.

1954இல் தேநீர்க்கடைகளின் அன்றாடச் சரக்குக் கோரிக்கை லியோவிடம் வந்தது. கடைகளை நடத்திய பெண் மேலாளர்கள் மறுநாளுக்கு வேண்டிய பண்டங்களைத் தலைமையிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான பட்டியல் ஒன்று முன்கூட்டியே பதியப்பட்டது. மாற்றம் வேண்டினால் மட்டும் மேலாளர் தொலைபேசியில் சொன்னால் போதும். மறுமுனையில் இருப்பவர் கேட்டபடியே அட்டையில் துளையிட்டுப் பதிந்துகொள்வார். நீண்ட படிவங்களை நாள்தோறும் நிரப்பும் தொல்லை இதனால் நீங்கியது. நாளை மழை வருமா, பக்கத்துத் தெருவில் கூட்டம் கூடுமா என்பதைப் பொறி அறியாது. கடையில் நிற்பவர் அறிவார். அவர் அறிந்ததை அவரே சொல்வதற்கு முறைமையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அவ்விடமே நம் கட்டுரையின் மையம்.

திரையும் சிறையும்

லியோவின் குடிவழியைச் சற்றே பின்தொடர்வோம். 1954இல் லியோ தனி நிறுவனம் ஆயிற்று. 1963இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவோடு இணைந்தது. 1968இல் அம்மரபும் வேறு பலவும் சேர்ந்து ஐ.சி.எல். என்னும் பெரு நிறுவனம் உருவாயிற்று. 1990இல் ஐ.சி.எல்.லின் பெரும் பங்கை ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிட்ஸு வாங்கியது. பிரித்தானிய அஞ்சலகங்களில் அரசு உதவித்தொகை வழங்குவதையும் கணக்கெழுதுவதையும் கணிப்பொறிமயமாக்கும் ஒப்பந்தம் 1996இல் ஐ.சி.எல்.லின் கிளை நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது. உதவித்தொகை அட்டைத் திட்டம் 1999இல் கைவிடப்பட்டது. எஞ்சிய கணக்கு முறைமை அவ்வாண்டு முதல் நாடெங்கும் நிறுவப்பட்டது. அதற்கு 'ஹொரைசன்' என்று பெயர், தமிழில் 'தொடுவானம்'.

பிரித்தானிய அஞ்சலகங்களுள் மிகப் பலவற்றை நடத்துவோர் சம்பளம் பெறும் அரசு ஊழியர் அல்லர். ஊரில் கடை வைத்திருப்பவரே ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகத்தையும் சேர்த்து நடத்துவார். இந்தியாவிலிருந்தும் பிற தெற்காசிய நாடுகளிலிருந்தும் சென்று குடியேறிய குடும்பங்கள் பலவும் அவர்களுள் உண்டு. கணக்கில் குறைவு தோன்றினால் அஞ்சலகப் பொறுப்பாளரே தம் கைப்பணத்தைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியது.

புதிய முறைமை வந்தபின், எடுக்காத பணம் குறையத் தொடங்கிற்று. ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கடையும் அஞ்சலகமும் நடத்தி வந்தவர் ஜோ ஹாமில்டன். ஏறத்தாழ 2,000 பவுண்டு குறைவதாகத் திரை காட்டியது. உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்தினார். அவர் கண்முன்னே அக்குறைவு இரட்டிப்பாயிற்று. பொய்க்கணக்கு எழுதியதாகக் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் சிறையைத் தவிர்க்கலாம் என்ற நிலைக்கு இறுதியில் அவர் தள்ளப்பட்டார். சர்ரே மாவட்டத்தில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா என்னும் இந்திய வமிசப் பெண்மணிக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். வீட்டை அடகு வைத்தோர், கடையை இழந்தோர், ஊரார் முன் திருடர் எனப் பெயரெடுத்தோர் பலர். இவ்வாறு குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டோர் 900க்கும் மேற்பட்டோர்.

பிழை எங்கே இருந்தது? எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறலாம். 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 8,000 பவுண்டு வரவைப் பதிந்த ஒருவர், திரை நகராமல் நின்றதால் விசையை மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தமும் தனி வரவாகப் பதிவாயிற்று. 8,000 பவுண்டு 32,000 பவுண்டாகக் காட்டப்பட்டது. கையில் இருந்ததோ 8,000 மட்டுமே. எஞ்சிய 24,000 பவுண்டு 'குறைவு' ஆயிற்று. அதே பிழை அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பல கிளைகளில் நேர்ந்திருந்தது எனப் பின்னர்த் தெரியவந்தது.

வேல்ஸ் நாட்டில் அஞ்சலகம் நடத்தி, குறைவை ஈடுசெய்ய மறுத்ததால் 2003இல் ஒப்பந்தம் பறிக்கப்பட்டவர் ஆலன் பேட்ஸ். இவர் தம்மைப் போன்றோரை ஒன்றுதிரட்டினார். 2009இல் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்னும் இதழ் இச்செய்தியை வெளிக்கொணர்ந்தது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தார். முறைமையில் பிழைகள் இருந்தன என்பதும், அவை கிளைக் கணக்குகளில் குறைவை உண்டாக்க வல்லவை என்பதும் அத்தீர்ப்பால் உறுதியாயின. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அவர்களுள் அடங்குவர். 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டம் இயற்றி எஞ்சியோர் மீதிருந்த பழியைத் துடைத்தது. சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கைத் தொகுதி 2025 ஜூலையில் வெளிவந்தது. குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று அது கூறுகிறது.

மூன்று பிழைகள்

மென்பொருளில் பிழை இருப்பது இயல்பு. பிழையே இல்லாத மென்பொருளை எவரும் எழுதியதில்லை. எனவே பிழை இருந்தது என்பதற்காக மட்டும் ஆக்கியோரைப் பழிப்பது முறையாகாது. ஆக்குவோர்க்கும் பயன்படுத்துவோர்க்கும் இடையே அமைந்த உறவில் இருந்த பிழைகளே ஆராயத்தக்கவை. அவை மூன்று எனக் கருதுகிறோம்.

முதலாவது, பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் மற்றொருவரிடமும் இருந்தது. குறைவுக்குப் பொறுப்பாளர் தலைகொடுக்க வேண்டும். ஆனால் குறைவு எப்படி வந்தது என்று காண அவருக்கு வழி இல்லை. தொலைவில் இருந்த ஆக்குவோரோ, பொறுப்பாளர் அறியாமலேயே கிளைக் கணக்கில் புகுந்து பதிவிட இயலும். அது இயலாது என்றே அஞ்சலக நிர்வாகம் நெடுநாள் சாதித்தது. வழக்கு நடந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பூட்டு ஒருவரிடம், சாவி வேறொருவரிடம், களவுப் பழி மட்டும் பூட்டு வைத்திருந்தவரிடம் என்றால் அதனை எந்த நீதி ஏற்கும்?

இரண்டாவது, மறுப்பதற்கு இடம் இல்லை. கணக்குக் காலம் முடியும்போது 'இக்கணக்கு சரி' என்று உறுதி கூறினால்தான் மறுநாள் கடையைத் தொடர்ந்து நடத்த முடியும். 'இக்கணக்கை நான் ஏற்கவில்லை' என்று பதிவதற்கு அம்முறைமையில் ஒரு விசையும் இல்லை. லியோவில் தேநீர்க்கடை மேலாளரின் சொல்லுக்கு இடம் இருந்ததை முன்னர்க் கண்டோம். அரை நூற்றாண்டு கழித்து, அதே மரபில் வந்த நிறுவனத்தின் பொறியில் பயன்படுத்துவோரின் வாய் அடைக்கப்பட்டிருந்தது. உதவி எண்ணை அழைத்தவர் பலரிடம் 'இத்தொல்லை உங்கள் ஒருவருக்கு மட்டுமே' என்று கூறப்பட்டது. நூறு பேரின் சாட்சியம் ஒன்றுசேர்ந்தால் உண்மை துலங்கிவிடும். தனித்தனியே பிரித்துவிட்டாலோ ஒவ்வொருவரும் தம்மையே ஐயுறத் தொடங்குவர். பயன்படுத்துவோரைத் தனிமைப்படுத்துவதைக் காட்டிலும் ஒரு முறைமைக்குப் பெருங்கேடு வேறு இல்லை.

மூன்றாவது, பொறியின் சொல்லுக்கு வரம்பு மீறிய நம்பிக்கை தரப்பட்டது. கணிப்பொறிச் சான்றை நீதிமன்றத்தில் வைப்போர் அப்பொறி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் விதித்திருந்தது. 1999இல் அவ்விதி நீக்கப்பட்டது. அதன்பின் பொறி சரியாகவே இயங்கியது என்பது தொடக்க அனுமானம் ஆயிற்று. இல்லை என்று காட்டும் சுமை எதிர்த்து நிற்பவர்மேல் விழுந்தது. அறிந்த பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு ஃபுஜிட்ஸுவிடம் இருந்தது. கடைக்காரருக்கோ அப்படியொரு பதிவேடு உண்டு என்பதே தெரியாது. தெரியாத ஒன்றைக் காட்டும்படி அவர் எவ்வாறு கேட்பார்?

சிலம்பும் மறையும்

இந்நிகழ்ச்சிகளைப் படிக்கும் தமிழ் மாணவருக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் நம்பினான். அவன் சொல்லை அளந்து பார்க்க வேறு சான்று தேடவில்லை. கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவும் இல்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பிறகே உள்ளே இருப்பது முத்தன்று, மாணிக்கம் என்பது வெளிப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரு சிலம்பும் ஒன்று போலவே இருந்தன. திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு சிலம்பு உடைந்த நிகழ்ச்சியே ஆகும். ஆனால் சிலம்பு உடைந்தபோது கோவலன் உயிரோடு இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை நம் மாணவர் பலர் அறிவர். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. ஓர் எழுத்தர் நடுவே இருந்து நீதியுடன் எழுத வேண்டும். கடன் எவர்மீது விழுகிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நேர்மையுடன் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். எழுத்தருக்கும் சாட்சிக்கும் துன்பம் இழைக்கலாகாது என்பன அதன் கருத்துகள்.

இதில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்தர் வல்லவராக இருக்கலாம். பணம் கொடுத்தவர் செல்வராக இருக்கலாம். ஆயினும் வாசகத்தைச் சொல்லும் உரிமை கடனைச் சுமப்பவருக்கே தரப்பட்டுள்ளது. சுமை எவர் தோளில் ஏறுகிறதோ அவர் வாயிலிருந்தே அச்சுமையின் அளவு வர வேண்டும் என்பது எத்துணை நுட்பமான ஏற்பாடு! ஹொரைசன் முறைமையில் இது தலைகீழாயிற்று. கடனைச் சுமந்தவர் அஞ்சலகப் பொறுப்பாளர். வாசகத்தைச் சொன்னதோ பொறி. அப்பொறியின் எழுத்தைத் தம் சொல்லாக ஏற்றுக் கையொப்பமிட வேண்டிய நிலையில் அவர் இருந்தார். ஆக்குவோர் இக்காலத்தின் எழுத்தர். எழுத்தருக்குரிய நீதி அவர்களுக்கும் உரியது. எழுத்தருக்குரிய காப்பும் அவர்களுக்கு வேண்டும். ஃபுஜிட்ஸுவில் முன்பு பணியாற்றிய ரிச்சர்ட் ரோல் என்பவர் அந்த வழக்கில் வந்து சாட்சி கூறினார். ஆக்குவோருள்ளும் உண்மை பேசுவோர் உண்டு என்பதற்கு அவர் சான்று.

கூடி ஆக்கும் வழி

இத்தகைய கேடு வாராமல் காக்கும் வழிகள் புதியன அல்ல. 1970களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நியூகார்டு என்னும் அறிஞரோடு சேர்ந்து, தொழிற்கூடங்களில் புகும் கணிப்பொறி முறைமைகளைத் தொழிலாளரே ஆராயும் முயற்சியை மேற்கொண்டது. நியூகார்டு, ஓலே-யோஹன் டாலுடன் இணைந்து 'சிமுலா' என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர். உலகம் மதித்த ஆக்குநர். அவரே பயன்படுத்துவோரிடம் சென்று அமர்ந்தார் என்பது கருதத்தக்கது. 1977இல் நோர்வே இயற்றிய பணிச்சூழல் சட்டத்தில், பணியைத் திட்டமிடும் முறைமைகள் பற்றித் தொழிலாளர்க்கு அறிவிப்பதும் அவற்றை வகுப்பதில் அவர்களுக்குப் பங்களிப்பதும் இடம்பெற்றன. இங்கிலாந்திலும் மான்செஸ்டரைச் சேர்ந்த எனிட் மம்ஃபோர்டு என்னும் அம்மையார் பயன்படுத்துவோரைக் கூட்டி வைத்து முறைமையை வகுக்கும் நெறியை உருவாக்கினார். அந்நெறியின் சுருக்கப் பெயரே 'அறநெறி' எனப் பொருள்படும் 'எத்திக்ஸ்' என்பதாகும். வழி தெரியாமல் ஹொரைசன் கெடவில்லை. தெரிந்த வழியில் செல்லாமையால் கெட்டது.

இதற்கு மறுப்புரைகள் உண்டு. பயன்படுத்துவோர்க்குத் தமக்கு வேண்டியது எது என்றே சொல்லத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒன்று சொல்வர். அனைவரையும் கேட்டால் காலமும் பணமும் விரயமாகும் என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வேண்டியதைச் சொல்வது அரிய கலை. அதனால்தான் கேட்பதும் அரிய கலை ஆகிறது. நோயாளிக்கு நோயின் பெயர் தெரியாது. வலிக்கும் இடம் தெரியும். பெயர் தெரியாதவன் பேச வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதில்லை. கேட்பதற்கு ஆகும் செலவு வீண் என்போர், கேளாமையால் பிரித்தானியா பின்னர் இழப்பீடாகத் தந்த பெருந்தொகையையும், தொகையால் ஈடுசெய்ய இயலாத இழப்புகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

பயன்படுத்துவோரிலும் தவறு செய்வோர் இருக்கிறார்களே என்பது மற்றொரு மறுப்பு. உண்மையே. தவறாக விசையை அழுத்துவோர் உண்டு. கையாடல் செய்வோரும் உண்டு. அவர் சொல்வதெல்லாம் மெய் என்று கொள்ளும்படி நாம் கேட்கவில்லை. அவர் சொல் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பொறியின் சொல்லையும் அதே தராசில் இட்டு நிறுக்க வேண்டும்.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

நம் கல்லூரியில் பயிலும் மாணவருள் கணிப்பொறியியல் படிப்போர் நாளை ஆக்குவோர் ஆவர். வணிகவியல் படிப்போர் நாளை பயன்படுத்துவோர் ஆவர். இரு சாராரும் ஒரே தமிழ் வகுப்பில் அமர்ந்து படித்தவர்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆக்கப் போகும் மாணவர்க்குச் சில கூறுவோம். ஒரு கடைக்கு மென்பொருள் எழுதுமுன் அக்கடையில் சில நாள் அமர்ந்து பாருங்கள். கல்லாவில் இருப்பவர் எந்தச் சொல்லை வழங்குகிறாரோ அச்சொல்லே திரையில் வரட்டும். 'வரவு', 'பற்று', 'நிலுவை', 'கழிவு', 'திருப்பம்' என்று அவர் நாவில் பழகிய சொற்கள் இருக்க, அவருக்குப் புரியாத தொடர்களைத் திரையில் இட்டு, பிறகு அவர் தவறாக அழுத்தினார் என்று குறை கூறுவது நேர்மையாகாது. விடை வந்த வழியைப் பின்னோக்கிக் காண வகை செய்யுங்கள். பழைய பேரேட்டிலிருந்து சிட்டைக்குச் சென்ற பாதை உங்கள் மென்பொருளிலும் இருக்க வேண்டும். 'நான் ஏற்கவில்லை' என்று பதிய ஒரு விசை வையுங்கள். அறிந்த பிழையை மறைக்காமல், பயன்படுத்துவோர்க்கு அறிவியுங்கள்.

பயன்படுத்தப் போகும் மாணவர்க்கும் கடமை உண்டு. கேளாமல் நிறுவிவிட்டார்கள் என்று பின்னர் வருந்துவதைவிட, கேட்கும்போது முழுமையாகச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கத் தரும்போது சோம்பலின்றிச் சோதியுங்கள். குறை கண்டால் நாளும் நேரமும் தொகையும் குறித்து எழுதிவையுங்கள். உங்களைப் போன்றே துன்புறுவோர் வேறு எவரேனும் உளரா என்று தேடுங்கள். தமக்கு மட்டும் நேர்ந்ததென்று ஒடுங்கிவிடாமல் பிறரைத் தேடிச் சென்றதாலேயே ஆலன் பேட்ஸ் உண்மையை நிலைநாட்டினார்.

கடைகளையும் கல்வி நிலையங்களையும் அறக்கட்டளைகளையும் நடத்தும் சமுதாயப் பெரியோர்க்குப் பணிவுடன் ஒன்று விண்ணப்பிக்கிறோம். மென்பொருள் வாங்கும்போது விலையையும் தவணையையும் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். கணக்கில் பிழை வந்தால் அதனைக் கண்டுபிடிக்க வழி என்ன, கணக்கைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, திருத்தியவர் பெயர் பதியப்படுமா என்று கேளுங்கள். அதனை நாள்தோறும் இயக்கப் போகும் எழுத்தரையும் கல்லாக்காரரையும் உடன் அமர்த்திக்கொண்டு பேசுங்கள். கலந்தாலோசிக்கும் 'மசூரா' நமக்குப் புதியதன்று. பள்ளிவாசல் நிர்வாகத்தில் கடைப்பிடிக்கும் அதே நெறி கணிப்பொறிக்கும் பொருந்தும். திரையில் ஒரு பணியாளர் பெயரில் குறைவு தோன்றினால், அவரைத் திருடர் என்று கருதுமுன் பொறியையும் ஒருமுறை ஐயுறுங்கள். சொற்ப ஊதியத்துக்கு வேலை செய்யும் ஓர் ஏழையின் மானம் அந்த ஒரு கேள்வியில் தங்கியிருக்கக்கூடும்.

கணக்கு என்பது ஓர் அமானிதம். அதனை எழுதும் கருவியை ஆக்குவோரும் அதனைப் பயன்படுத்துவோரும் அந்த அமானிதத்தின் பங்காளிகள். ஒருவரிடம் அறிவு மிகுதி, மற்றவரிடம் பட்டறிவு மிகுதி. ஒருவரும் தனித்து நின்று அதனைக் காக்க இயலாது. நம் மாணவர்கள் எந்தப் பக்கம் அமர்ந்தாலும், எதிர்ப் பக்கம் அமர்ந்திருப்பவரின் சொல்லுக்குச் செவிகொடுப்பவர்களாக விளங்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.